ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே: ஊர்ப் பராமரிப்புக் கூட்டுவேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டில் காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் இருபத்தாறு வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது எங்கள் ஊராட்சியில், படுக்கையில் கிடப்பவர்களையும் தனியாக இருக்கும் வயதானவர்களையும் கவனிக்க, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, மகளிர் குழு, ஊராட்சி, வருவாய்த்துறை என்று எல்லோரையும் மாதம் ஒருமுறை ஒன்றாக உட்காரவைக்கும் வேலையைச் செய்துவருகிறேன். "எங்க ஊருலயும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கணும்ங்க" என்று வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

எல்லாத் துறையும் அதது வேலையைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கு? சேர்ந்து செய்யணும்னு எதுக்குங்க?

ஓர் ஆத்தாவின் கதையைச் சொல்கிறேன். வயது எழுபத்தைந்துக்கு மேல். தோட்டத்துச் சாளையில், அதாவது காட்டுக்குள் இருக்கும் வீட்டில், தனியாக இருந்தவர். மகன் வெளியூரில். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பன்னிரண்டு நாள் வைத்தியம். உயிர் பிழைத்துவிட்டது. பதின்மூன்றாம் நாள் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்கக் காகிதத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் வரவில்லை. மகன் ஒரு வாரம் இருந்துவிட்டு, சமைத்துப் போட ஓர் அம்மாவை ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

நான் போய்ப் பார்த்தபோது ஐந்து வாரம் ஆகியிருந்தது. இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண், எலும்பு தெரியும் அளவுக்கு.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் புண் மட்டுமல்ல. அந்த ஐந்து வாரத்தில் அந்த வீட்டுக்கு யாருமே போகாமல் இல்லை. ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் பெண் போயிருக்கிறார். முதியோர் உதவித்தொகைக்குக் கைரேகை வாங்குபவர் போயிருக்கிறார். அங்கன்வாடி டீச்சரின் குடும்பக் கணக்கெடுப்பு நோட்டில் ஆத்தாவின் பெயர் இருக்கிறது, கிராம நிர்வாக அலுவலரின் பட்டியலில் இருக்கிறது, ரேஷன் கடையில் இருக்கிறது. அவரவர் வேலையை அவரவர் சரியாகத்தான் செய்தார்கள். மாத்திரை கொடுக்க வந்தவர் மாத்திரை கொடுத்தார், பணம் கொடுக்க வந்தவர் பணம் கொடுத்தார். வீட்டுக்குள் வந்த வாடையைப் பற்றி யாரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரே ஆள் நாலைந்து நோட்டில் இருக்கிறார்; அந்த நோட்டுகளை வைத்திருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை.

அதற்குத்தான் இந்தக் கூட்டுவேலை. புதிதாகத் திட்டம் எதுவும் வேண்டாம். இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகியிருந்தால் அந்தப் புண் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

இது எல்லா ஊரிலும் உள்ள பிரச்சினைதானே? கொங்கு நாட்டுக்கென்று தனியாக என்ன இருக்கிறது?

முதலில், நம் வீடுகள் இருக்கும் விதம். வேறு சீமைகளில் வீடுகள் தெருத்தெருவாக ஒட்டியிருக்கும். கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். நம் பக்கம் அவரவர் காட்டுக்குள் சாளை கட்டிக் குடியிருக்கிறோம். ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் இருக்கும், வழியில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன வாய்க்கால் இருக்கும், வாசலில் நாய் இருக்கும். பண்ணையம் செழிப்பாக நடந்தபோது சாளை நிறைய ஆட்கள் இருந்தார்கள். இப்போது ஆத்தாவும் அப்பாருமாக இரண்டே பேர். அதிலும் ஒருவர் போய்விட்டால் மீதி ஒருவர்.

அடுத்தது, பிள்ளைகளின் எண்ணிக்கை. கொங்கு நாட்டில் ஒன்றோ இரண்டோ போதும் என்று நிறுத்திக்கொண்ட தலைமுறைதான் இப்போது வயதாகிப் படுக்கிறது. அந்த ஒரு பிள்ளை திருப்பூரில் கம்பெனி நடத்துகிறார், அல்லது பெங்களூரில், அமெரிக்காவில் இருக்கிறார். பணம் அனுப்புகிறார். இரண்டு மணிக்கு ஒருமுறை உடம்பைத் திருப்பிப் படுக்கவைக்கப் பணத்தால் ஆகாது.

மூன்றாவதாக நம் தொழில்கள். பஞ்சாலை, விசைத்தறி, பனியன் கம்பெனி, எண்ணெய் மில், அரிசி ஆலை. பஞ்சுத் தூசியில் முப்பது வருடம் வேலை பார்த்தவரின் மூச்சிரைப்பு அவர் வேலையை விட்டு நின்ற பிறகுதான் வீட்டாருக்குப் பாரமாகிறது. அதற்குள் அவருடைய இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) அட்டை செல்லாததாகிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். காங்கயமும் தாராபுரமும் 2009 வரை ஈரோடு மாவட்டம். அந்த வருடம் திருப்பூர் மாவட்டம் பிரிந்தது. வயதானவர்களின் பழைய காகிதங்களில் ஈரோடு என்று இருக்கும், புது அட்டையில் திருப்பூர் என்று இருக்கும். பெயரில் ஓர் எழுத்து, முகவரியில் ஒரு மாவட்டம் மாறியதற்காகவே மூன்று தடவை திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களைப் பார்த்திருக்கிறேன்.

யார் யாரைச் சேர்க்க வேண்டும்?

நோயாளியின் வாசலுக்கு ஏற்கெனவே போய்வருகிறவர்களை முதலில் பிடியுங்கள். அதிகாரிகள் அப்புறம்.

முதலாமவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். தன்னார்வலர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். அதனால் ஊரின் உள்விவகாரம் அவர்களுக்கு அத்துப்படி. இதே திட்டத்தில் வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவரும், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க ஒரு நோய்த்தணிப்புச் செவிலியரும் உண்டு. இயன்முறை மருத்துவரை நம் ஜனங்கள் 'பிசியோ' என்று கேட்டால்தான் புரிந்துகொள்கிறார்கள். இந்த இருவரின் போன் நம்பர் உங்களிடம் இல்லையென்றால் இன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பிணியும் குழந்தையும் தடுப்பூசியுமே அவருக்கு முக்கால் வேலை. நான் அந்த வேலையில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன், அவர் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றாதீர்கள். அங்கன்வாடிப் பணியாளருக்கும் அதே நிலைமைதான்.

பிறகு கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், ரேஷன் கடைக்காரர், மருந்துக்கடைக்காரர், பால் சொசைட்டியில் பால் அளக்கிறவர். கடைசி ஆளைப் பார்த்துச் சிலர் யோசிப்பார்கள். தினமும் காலையில் பால் கொண்டுவருகிற அப்பாரு இரண்டு நாள் வரவில்லையென்றால் முதலில் கவனிப்பது அவர்தான். எங்கள் ஊரில் இரண்டு பேரைச் சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது பால் சொசைட்டியிலிருந்து வந்த போன்தான்.

மாவட்ட, வட்ட அளவில் சமூக நல அலுவலகம், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம் மூன்றும் தேவைப்படும். அவர்களை மாதக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டியதில்லை. அந்த அலுவலகங்களில் மனுவைக் கையில் வாங்குகிற எழுத்தர் யார் என்று தெரிந்தால் போதும்.

முதல் கூட்டத்தை எப்படி நடத்துவது?

ஐந்து பேரோடு நடத்துங்கள். பேனர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். இவை வந்தால் பேச்சு நீண்டு நோயாளி மறந்துபோவார்.

ஒரே ஓர் ஆளின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த அப்பாருக்கு இப்ப என்ன வேணும்? உங்ககிட்ட இருக்கறதுல எதைக் குடுக்க முடியும்?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். எங்கள் முதல் கூட்டத்தில், மேலே சொன்ன ஆத்தாவைப் பற்றித்தான் பேசினோம். நோய்த்தணிப்புச் செவிலியர் வாரம் இரண்டு தடவை புண்ணுக்குக் கட்டுப்போட ஒப்புக்கொண்டார். கிராம நிர்வாக அலுவலர், கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். அது 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். மகளிர் குழுவிலிருந்து ஒரு பெண், மதியம் போய் உடம்பைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். நாற்பது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று, ஆனால் ஆறியது.

ஒரு காரியம் கைகூடியதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த மாதம் யாரையும் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருக்காது.

எங்கே கூடுவது?

இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ, ஒரு சாதியாருக்கு மட்டும் உரிமையான மண்டபத்திலோ கூடாதீர்கள். காலனியிலிருந்து வருகிறவர்கள் தயங்கி வெளியே நிற்கும் இடங்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கின்றன; மூடி மறைக்க வேண்டியதில்லை. துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி, பள்ளிக்கூடம், இந்த மூன்றில் ஒன்றில் கூடுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரி டம்ளர்.

பட்டியல் தயாரிக்கும்போதும் அப்படித்தான். எங்கள் முதல் பட்டியலில் பதினேழு பேர் இருந்தார்கள், காலனியிலிருந்து ஒருவர்கூட இல்லை. அங்கே நோயாளி இல்லை என்று அர்த்தமில்லை. பட்டியல் எழுதிய நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை என்றுதான் அர்த்தம். தூய்மைக் காவலராக வேலை பார்க்கும் ஓர் அம்மா எங்களோடு சேர்ந்த பிறகு ஒரே வாரத்தில் ஒன்பது பெயர் வந்தது. அதில் இரண்டு பேருக்குக் காலில் சர்க்கரைப் புண். முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

அரசு ஊழியர்கள் வருவார்களா? மேலிடத்து உத்தரவு வேண்டாமா?

உத்தரவு இல்லாமலேயே இடம் இருக்கிறது. கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று ஒவ்வொரு ஊரிலும் தேசிய சுகாதாரத் திட்டத்தின் வழிகாட்டுதல்படியே ஒரு குழு இருக்க வேண்டும். பல ஊர்களில் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. அந்தக் குழுவின் கூட்டமாகவே இதை நடத்தலாம். அப்போது யாரும் வேலைநேரத்தை விட்டு வெளியே போனதாக ஆகாது.

கிராம சபையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே ஒரு தீர்மானம் போட்டு வட்டார மருத்துவ அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் நகல் அனுப்பிவிடுங்கள். தீர்மான எண் ஒன்று கையில் இருந்தால் அலுவலகத்தில் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

வரமாட்டேன் என்கிறவரோடு சண்டை போட வேண்டாம். அவருக்கும் மேலிருந்து நெருக்கடி. ஒரு மனுவை நீங்களே முழுசாகப் பூர்த்தி செய்து, நகல்களை இணைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் வேலையைக் குறைக்கிறீர்கள் என்று தெரிந்தால் அவரே போன் பண்ணுவார்.

பணத்துக்கு என்ன செய்வது?

முதல் ஆறு மாதம் வசூல் செய்யாதீர்கள். பணம் வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் சந்தேகம் வரும். இன்னும் பழகாத ஆட்களுக்கு நடுவே அது நல்லதல்ல. மேலே சொன்ன கிராமக் குழுவுக்குத் தேசிய சுகாதாரத் திட்டத்தில் வருடத்துக்கு 10,000 ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு, அதைக் கேட்டுப் பாருங்கள்.

பொருளாக வாங்குவது சுலபம். நம் ஊரில் கொடுக்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. ஒரு வீட்டில் பெரியவர் காலமான பிறகு வாட்டர் பெட், வாக்கர், வீல் சேர், கமோடு நாற்காலி எல்லாம் மாட்டுக்கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும். கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். அவற்றைத் துடைத்துக் கழுவி, நோட்டில் எழுதி, தேவைப்படுகிற வீட்டுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்குங்கள். எங்களிடம் இப்போது ஆறு வாட்டர் பெட் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நிறைய வசூல் செய்த குழுக்களைவிட, இப்படிப் பொருள் சுற்றுகிற குழுக்கள் நீடிப்பதைப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

எல்லாக் கேள்வியிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். உயிரைக் காப்பாற்ற வழி இருக்கிறது. 108 வந்துவிடும், தாராபுரத்திலும் காங்கயத்திலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, திருப்பூரில் 2022 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. கைவிட்டுப்போவது அதற்குப் பிந்திய பதினைந்து நாளில்.

டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பே குழுவில் யாராவது ஒருவருக்கு விவரம் தெரிய வேண்டும். அதற்கு வழி, ஆஸ்பத்திரி நமக்குச் சொல்லும் என்று காத்திருக்காமல், ஊரிலிருந்து யார் எங்கே சேர்ந்திருக்கிறார்கள் என்பதை நாமே விசாரித்து வைத்துக்கொள்வதுதான். வார்டு நர்ஸிடம் நேரில் கேளுங்கள்: வீட்டில் என்ன என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது, என்ன நடந்தால் உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்த மூன்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அவருக்கு நேரமில்லையென்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அவரிடம் படித்துக் காட்டுங்கள். யூரின் டியூபோ மூக்கு டியூபோ இருந்தால் மாற்ற வேண்டிய தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

வீட்டுக்குப் போகும் முன்பே கட்டில் எங்கே போடுவது, கக்கூஸுக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்று ஒருவர் போய்ப் பார்த்துவிட வேண்டும். பல சாளைகளில் கக்கூஸ் வெளியே, வாசலைத் தாண்டி இருக்கும். ஒரு கால் செயலிழந்தவர் ராத்திரி அங்கே போகும்போதுதான் விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது.

நோயாளி வந்திறங்கிய மூன்று நாளுக்குள் செவிலியரோ தன்னார்வலரோ ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். போகும் முன் போன் பண்ணி நாயைக் கட்டச் சொல்லுங்கள். இதை மறந்து கடி வாங்கி, ஊசி போட்டுக்கொண்டு, அதன்பின் தோட்டத்துப் பக்கமே போகப் பயந்த தன்னார்வலர்களை எனக்குத் தெரியும்.

நோட்டில் ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கு நேரேயும் ஒரே ஒருவர் பொறுப்பு. "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று எழுதிய வீடுகளுக்கு யாரும் போனதில்லை.

நோயாளியின் விவரத்தை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

கூடாது. கூட்டத் தேதியைப் போடுங்கள், வாட்டர் பெட் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நோயின் பெயர், புண்ணின் படம், ஸ்கேன் காகிதம் எதுவும் போடாதீர்கள். ஊர்க் குழுவில் போட்டது சாயங்காலத்துக்குள் கல்யாணத் தரகர் வரை போய்விடும். ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தம் அதனாலேயே நின்றதை நான் பார்த்தேன். தகப்பனின் காசநோய் விவரத்தை நல்ல எண்ணத்தோடுதான் ஒருவர் போட்டிருந்தார்.

சட்டமும் இருக்கிறது. எச்.ஐ.வி. பற்றிய 2017ஆம் வருடச் சட்டம், அதே வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இரண்டும் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. நாங்கள் செய்வது இது: முதல் சந்திப்பிலேயே நோயாளியிடம் "உங்க விவரத்தை யார் யார்கிட்டச் சொல்லலாம்ங்க?" என்று கேட்டு, அவர் சொன்னபடி நோட்டில் எழுதுகிறோம். பெரும்பாலானவர்கள் செவிலியரிடம் சொல்லலாம் என்பார்கள், கிராம நிர்வாக அலுவலருக்கு உதவித்தொகைக்கு வேண்டியது மட்டும் போதும் என்பார்கள். சிலர் "மருமகளுக்குத் தெரிய வேண்டாம்" என்பார்கள். அதையும் மதிக்க வேண்டும்.

பிள்ளைகள் இருந்தும் பார்ப்பதில்லை. நாம் தலையிடலாமா?

முதலில் பிள்ளைகளோடு பேசுங்கள், குற்றவாளியாக நிற்கவைக்காமல். "அண்ணா, அம்மாவுக்கு இன்னின்னது தேவைப்படுது, நாங்க இதைச் செய்யறோம், நீங்க எதைச் செய்ய முடியும்?" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் இறங்கிவருகிறார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் விலகி நின்றவர்கள்தான் அதிகம்.

அதற்கும் மசியவில்லையென்றால் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரின் தலைமையில் உள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. பெற்றவரால் முடியாதபோது அவர் அனுமதித்த வேறொருவரோ ஓர் அமைப்போ மனுச் செய்யலாம்.

நம் பக்கம் நிலம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. பூமியைப் பிள்ளை பெயருக்கு எழுதிக்கொடுத்த அடுத்த மாதமே சோறு நின்றுபோன வீடுகள் உண்டு. அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது ரத்து செய்யக் கேட்கலாம். அதனால் செட்டில்மென்ட் எழுதப் போகிறவர்களிடம் நான் சொல்வது, அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத்தாகச் சேர்த்துவிடுங்கள் என்றுதான். வாய்வார்த்தையாக இருந்தால் பின்னால் நிரூபிக்கக் கஷ்டம். வயதானவர்களுக்கான உதவி எண் 14567.

படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுப் பெண்ணை யார் பார்த்துக்கொள்வது?

இந்தக் கேள்வியை ஒரு மருமகள் கேட்டாள். கூட்டத்தில் இல்லை, வாசல்வரை என்னை அனுப்ப வந்தபோது. நாலு வருடமாக மாமியாருக்குச் செய்கிறாள். அந்த நாலு வருடத்தில் தாய்வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் போகவில்லை. நாங்கள் மாதாமாதம் அந்த வீட்டுக்குப் போய் மாமியாரின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தோம். அவளுக்கு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்தபோது அவளுக்கும் அதிகமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு நோட்டில் பராமரிக்கிறவர் பெயருக்கும் ஒரு பத்தி வைத்தோம். அவருக்கு மாதம் ஒரு நாளாவது விடுதலை கிடைக்க வேண்டும். அன்றைக்கு மகளிர் குழுவிலிருந்து இருவர் மாறிமாறி உட்காருவார்கள். அவள் முதல் விடுதலை நாளில் எங்கும் போகவில்லை, அடுத்த அறையில் படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினாள்.

மனநலம், குடி, தற்கொலை எண்ணம் இவற்றையும் எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் நீங்களே ஆலோசகராகிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பார்க்க அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம். குழுவின் வேலை கூடப் போவதும், மாத்திரை நின்றுவிடாமல் பார்ப்பதும்தான். மனக்கஷ்டத்தில் ஒருவர் இருக்கும் வீட்டில் பூச்சிமருந்தைப் பூட்டிச் சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாணத்துக்குப் பதிலாக வாசல் தெளிக்கும் சாயத்தூளான சாணிப்பவுடர் நம் சீமையில் எத்தனையோ உயிரைக் குடித்திருக்கிறது. அது வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம்.

பனியன் கம்பெனி, ஆலைகளில் வேலை பார்க்கும் வடமாநிலத்தவர்களும் இதில் வருவார்களா?

நம் ஊரில் தூங்கி எழுகிறவர் நம் ஊர்க்காரர்தான். அவர்களுக்குப் பாஷையும் காகிதமும்தான் தடை. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பொதுவாக ஆறு மாதம். சத்துணவுக்காக அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது (2024 நவம்பருக்கு முன் 500). வங்கிக் கணக்கு இல்லையென்றால் அது வராது. ரெண்டு மாதத்தில் இருமல் நின்றதும் ஊருக்குக் கிளம்பிவிடுவார். கிளம்பும் முன் காசநோய்ப் பிரிவில் சொன்னால் அவருடைய பதிவை அந்த ஊர் மையத்துக்கு மாற்றிவிடுவார்கள், மாத்திரை அங்கே தொடரும். இதை அவருக்குச் சொல்ல ஒடியாவோ இந்தியோ பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும். அதே கம்பெனி சூப்பர்வைசரையே சேர்த்துக்கொண்டோம்.

மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளி இ.எஸ்.ஐ.க்குள் வருவார். அட்டை எடுத்துக் கொடுத்தார்களா என்று நேரடியாகக் கேட்பதைவிட, "நோய்வாய்ப்பட்டா சம்பளம் யார் குடுப்பாங்க?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பர்கூர், தாளவாடி, கடம்பூர் போன்ற மலை ஊர்களுக்கும் இதே முறை பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. அங்கே தூரம்தான் முதல் நோய். யானை நடமாடும் வழியில் இருட்டிய பிறகு யாரும் போக முடியாது. அங்கே வனத்துறை இல்லாமல் கூட்டுவேலை இல்லை. மலை ஊர் நண்பர்கள்தான் இதை எழுத வேண்டும்.

கேரளாவில் இதைச் சிறப்பாகச் செய்கிறார்களாமே?

ஆமாம், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் பார்க்கலாம். 1993இல் கோழிக்கோட்டில் ஒரு வலி நிவாரணச் சங்கமாகத் தொடங்கியது, பின்னர் ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாகி வீடுவீடாகப் போகும் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் அந்த மாநில அரசு அதற்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. உள்ளாட்சி அமைப்புகள் அதில் பெரும் பொறுப்பை ஏற்றன. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பொறுப்பைத்தான். ஊராட்சித் தலைவர் சாலை போட்ட கணக்கைச் சொல்வதுபோல, இந்த மாதம் எத்தனை படுக்கை நோயாளிகளைப் பார்த்தோம் என்றும் சொல்ல வேண்டும்.

ஆள் மாறினால்? செவிலியருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால்?

வரும். எங்கள் குழுவில் மூன்று வருடத்தில் இரண்டு கிராம நிர்வாக அலுவலர், மூன்று செவிலியர் மாறிவிட்டார்கள். முதல் தடவை எல்லாம் அறுந்துபோயிற்று. மாறிப்போனவர் தலைக்குள் இருந்த விவரம் அவரோடு போய்விட்டது. இப்போது மாறிப்போகிறவர் புதிதாக வருகிறவரைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் எல்லா வீட்டுக்கும் போய் வருகிறார். "அம்மிணி, இனிமே இந்தப் புள்ளதான் வரும்" என்று அறிமுகம் செய்துவைப்பதற்காக. அதற்கு வட்டார மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டபோது உடனே கொடுத்தார்.

முதல் நாள் வீட்டுக்குப் போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

இருநூறு பக்க நோட்டு ஒன்று. முன் அட்டையின் உள்பக்கம் எல்லோருடைய போன் நம்பரும், கூடவே ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் நல்லது. நகவெட்டி ஒன்று கட்டாயம். படுக்கையில் இருப்பவரின் நகத்தை வெட்டிவிட்டாலே அவர் பேசத் தொடங்குவார். கையில் காபித் தூளோ பழமோ கொண்டுபோக வேண்டாம், அப்புறம் அவர்கள் நமக்குத் திருப்பிச் செய்யச் சிரமப்படுவார்கள். அவர்கள் கொடுக்கும் மோரை வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக் குடியுங்கள். குடித்து முடிப்பதற்குள் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். நோட்டை அதற்கப்புறம் திறக்கலாம்.